கடலடியில் இரட்டை நிலநடுக்கம்: டெல்டா கரையில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நாகை, மயிலாடுதுறை கடலோர ஊர்களில் சுனாமி ஒத்திகை நடக்கும்போது கூட நின்று விளக்கம் சொல்வது வழக்கமாகிவிட்டது. பழையாறு ஆனாலும் அக்கரைப்பேட்டை ஆனாலும் பேச்சு கடைசியில் ஒரே இடத்துக்கு வந்து சேரும்: "ஒண்ணு வந்துட்டுப் போயிடுச்சு, அதோட விட்டுச்சா?" அந்தச் சந்தேகத்தின் கிளைகளை, கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். முதலில் எளியவை, போகப் போகச் சிக்கலானவை.

இரட்டை நிலநடுக்கம்னா என்ன சார்? பின்னதிர்வைத்தான் அப்படிச் சொல்றாங்களா?

இல்லை. பெரிய நடுக்கத்துக்குப் பிறகு சின்னச் சின்ன அதிர்வுகள் தொடர்வது வழக்கம், அவைதான் பின்னதிர்வுகள். அவற்றில் பெரியதே, சராசரியாகப் பார்த்தால், முதல் நடுக்கத்தைவிட 1.2 அளவு குறைந்திருக்கும். 8.0 வந்தால் அதற்குப் பின் வருவதில் பெரியது 6.8 அளவில் நிற்கும். இரட்டையில் இந்தக் கணக்கு பொய்த்துவிடும். ஏறக்குறைய அதே அளவில் இன்னொரு நடுக்கம், பக்கத்திலேயே, சில மணி நேரத்திலோ சில மாதத்திலோ வரும்.

அளவில் 1 கூடினால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 32 மடங்கு கூடும் என்பதை நினைவில் வைத்தால் வித்தியாசம் விளங்கும். 8.0-க்குப் பின் 6.8 என்றால் ஆற்றல் அறுபதில் ஒரு பங்குதான். 8.0-க்குப் பின் 7.9 என்றால் எழுபது சதவீதம். முதலாவதில் விரிசல் கண்ட கட்டடத்துக்கு இரண்டாவதைத் தாங்கத் தெம்பு இருக்காது. எவ்வளவு வித்தியாசம் வரை இரட்டை என்று சொல்லலாம் என்பதில் ஆய்வாளர்களிடையே ஒரே கோடு கிடையாது. 0.2 என்பாரும் உண்டு, 0.4 என்பாரும் உண்டு.

2004-ல அலை ரெண்டு மூணு தடவை வந்துச்சே. அதுதானே ரெட்டை?

அது வேறு. அன்று வந்த எல்லா அலைக்கும் மூலம் ஒரே நடுக்கம்: டிசம்பர் 26 காலை 6:29-க்கு சுமத்ராவின் வடமேற்கே தொடங்கி, வடக்கே நிக்கோபார், அந்தமான் வரை சுமார் 1,300 கிலோமீட்டர் கிழித்துக்கொண்டு போனது. அளவு 9.1. சுனாமி எப்போதுமே ஒற்றை அலையாக வராது. ஏறி இறங்கி, ஏறி இறங்கி, மணிக்கணக்கில் வரும். முதல் அலையைவிடப் பின்னால் வருவது பெரிதாக இருப்பதும் சகஜம். முதல் அலை வடிந்ததும் பிள்ளையைத் தேடியும் வலையைப் பார்க்கவும் திரும்பிப் போனவர்களை அடுத்த அலை கொண்டுபோனதை நம் ஊர்களில் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அலைகள் பல வந்தாலும் நடுக்கம் ஒன்றுதான். இரட்டை என்றால் தரையே இரண்டாம் முறை உடைய வேண்டும்.

இதெல்லாம் எங்க நடக்குது? நம்ம காலுக்கு அடியிலயா?

நமக்கு அடியில் இல்லை. நாகப்பட்டினத்திலிருந்து நேர் கிழக்கே சுமார் 1,400 கிலோமீட்டரில் நிக்கோபார் தீவுகள். அவற்றுக்கு மேற்கே கடலடியில் நீளமான ஒரு அகழி. பூமியின் மேலோடு பெரிய பெரிய பாறைத் தட்டுகளாக இருக்கிறது; நாம் உட்கார்ந்திருக்கும் இந்தியத் தட்டு அந்த அகழியில்தான் பக்கத்துத் தட்டுக்கு அடியில் நுழைகிறது, ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் கணக்கில். நுழைகிற இடம் வழுவழுப்பாக இல்லாததால் சிக்கிக்கொள்கிறது. மேல்தட்டின் விளிம்பு கீழே இழுபட்டு வளைகிறது. நூறு, இருநூறு ஆண்டு வளைந்தது ஒரு நாள் சிக்கல் விட்டு நிமிரும்போது நடுக்கம். கூடவே மேலிருக்கும் தண்ணீரைத் தூக்கிவிட்டால் சுனாமி.

தஞ்சாவூர், திருவாரூர், நாகை எல்லாம் தட்டின் விளிம்பிலிருந்து வெகுதூரம் உள்ளே இருக்கின்றன. அதனால்தான் இங்கே தரை பெரிதாக ஆடுவதில்லை. வருவது தண்ணீர் வழியாக வரும்.

ஒரு தடவை உடைஞ்சா அழுத்தம் குறையத்தானே வேணும்? ஏன் அதே அளவுக்கு இன்னொண்ணு வருது?

இந்தக் கேள்வியை ஆசிரியர்களைவிட மீனவ இளைஞர்களே அதிகம் கேட்கிறார்கள், நல்ல கேள்வி. உடைந்த இடத்தில் அழுத்தம் குறையும், சரி. பக்கத்தில்?

திருவாரூர் ஆழித்தேரை நினைத்துக்கொள்ளுங்கள். தேர் சரிவில் ஓடிவிடாமல் இரண்டு சக்கரத்துக்கும் முட்டுக்கட்டை கொடுத்திருக்கிறார்கள். ஒரு கட்டை நழுவினால் தேரின் பாரம் குறைந்துவிடாது. அதுவரை இரண்டும் பகிர்ந்திருந்த பாரம் முழுவதும் மிச்சமுள்ள கட்டையின் தலையில் விழும். அது புதுக்கட்டை என்றால் தாங்கும். ஏற்கெனவே நைந்திருந்தால் அடுத்த நொடியே போகலாம், கொஞ்ச நேரம் கழித்தும் போகலாம். தட்டுகள் சிக்கியிருக்கும் பரப்பிலும் இப்படி இறுகிய திட்டுகள் அங்கங்கே உண்டு. ஒரு திட்டு விட்டுக்கொடுத்தால் பாரம் பக்கத்துத் திட்டுக்கு மாறும். இரண்டும் ஏறக்குறைய ஒரே பருமன், இரண்டாவதும் உடையும் நிலையில் இருந்தது என்றால் அங்கே இரட்டை. பசிபிக்கில் சாலமன் தீவுகள் பக்கம் இது அடிக்கடி நடக்கும். 1971 ஜூலை 14-லும் 26-லும் 8 அளவில் இரண்டு நடுக்கங்கள் அங்கே வந்தன. இரட்டைகள் பற்றிய தொடக்ககால ஆய்வுகளுக்கு அந்தப் பகுதிதான் களம்.

இன்னொரு வகையும் இருக்கிறது. ரஷ்யாவின் குரில் தீவுகளில் 2006 நவம்பர் 15-ல் இரு தட்டுகளுக்கு நடுவே உள்ள சிக்கல் விட்டு 8.3 வந்தது. அந்தப் பிடி தளர்ந்ததும், உள்ளே நுழையக் காத்திருந்த தட்டு இழுபட்டு, அகழிக்கு வெளிப்பக்கம் வளையும் இடத்தில் விரிசல் விட்டது. 2007 ஜனவரி 13-ல் 8.1. இரண்டு நடுக்கமும் பக்கத்தில் பக்கத்தில்தான்; உடைந்த விதம் மட்டும் நேர்மாறு. முதலாவதில் அமுக்கம், இரண்டாவதில் இழுவை.

ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு நேரம் இருக்கும்? ஒரு நாள் பார்த்துட்டு விட்டுடலாமா?

கணக்கு எதுவும் கிடையாது. ஜப்பானின் நன்காய் அகழி ஒன்றே போதும் இதைப் புரியவைக்க. 1707-ல் அந்த அகழியின் பெரும்பகுதி ஒரே மூச்சில் உடைந்தது. 1854 டிசம்பர் 23-ல் கிழக்குப் பாதி. மறுநாள் 24-ல் மேற்குப் பாதி. அடுத்த சுற்றில் 1944 டிசம்பர் 7-ல் கிழக்கு, 1946 டிசம்பர் 21-ல் மேற்கு. ஒரே அகழி, அதே இரண்டு பாதிகள். இடைவெளி மட்டும் ஒரு தடவை பூச்சியம், ஒரு தடவை ஒன்றரை நாளுக்குள், ஒரு தடவை இரண்டு ஆண்டு.

சமோவாவில் 2009 செப்டம்பர் 29-ல் நடந்தது இதற்கு மறுகோடி. தட்டின் வெளிப்பக்கத்தில் 8.1 வந்த இரண்டு நிமிடத்துக்குள், தட்டுகளுக்கு நடுவே இன்னும் இரண்டு உடைப்புகள். முதலாவதின் அதிர்வலைக்குள்ளேயே அவை மறைந்துபோனதால், எல்லாம் ஒரே நடுக்கம் என்றுதான் முதலில் நினைத்தார்கள். பதிவுகளைப் பிரித்துப் பார்த்துக் கண்டுபிடித்தது பின்னால்.

நம்ம பக்கத்துக் கடல்ல இப்படி நடந்திருக்கா?

2004-க்கு மூன்று மாதம் கழித்து, 2005 மார்ச் 28 இரவு 9:39-க்கு நியாஸ் தீவுப் பக்கம் 8.6. முதல் உடைப்பின் தென்முனையை ஒட்டியே அடுத்த துண்டு உடைந்தது. அந்த ராத்திரி நம் கரையில் தற்காலிகக் குடியிருப்புகளிலிருந்தும் ஜனங்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு மேற்கே ஓடினார்கள். நியாஸ் தீவில் கட்டடம் இடிந்து நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். நமக்குப் பெரிய அலை வரவில்லை. 9.1-க்கும் 8.6-க்கும் ஆற்றலில் ஐந்து மடங்குக்கு மேல் வித்தியாசம் இருப்பதால் கறாரான கணக்கில் இதை இரட்டை என்று சொல்லத் தயங்குவார்கள். பாரம் பக்கத்துக்கு மாறியது என்ற வகையில் ஒரே கதைதான்.

2007 செப்டம்பர் 12 மாலை 4:40-க்கு சுமத்ராவின் பெங்குலு அருகே 8.4, மறுநாள் விடியற்காலை 5:19-க்கு 7.9. பிறகு 2012 ஏப்ரல் 11: மதியம் 2:08-க்கு 8.6, மாலை 4:13-க்கு 8.2. இந்த மூன்றில் இரட்டைக்கு நம் ஜனங்களின் நினைவில் நிற்கும் உதாரணம் 2012தான். சென்னையில் அலுவலகங்கள் காலியாகித் தெருவில் நின்றதும், கடலோரத்தை அவசர அவசரமாகக் காலி செய்ததும் பலருக்கு நினைவிருக்கும்.

இன்னும் பின்னால் போனால் 1881 டிசம்பர் 31-ல் கார் நிக்கோபார் பக்கம் 7.9 அளவில் ஒரு நடுக்கம். அது எழுப்பிய சிறிய சுனாமியை, ஒரு மீட்டரைக்கூட எட்டாத உயரம்தான், நாகப்பட்டினத்தின் அலைமானி காகிதத்தில் கோடு போட்டுப் பதிந்து வைத்திருக்கிறது. அது இரட்டை அல்ல. 2004 வரை நம் ஊரில் யாரும் அதை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

2012-ல 8.6ன்னு பயமுறுத்தினாங்க. ஒரு அலையும் வரலையே?

வந்தது, சின்னதாக. கரையில் நின்று பார்த்தவருக்குத் தெரியாத உயரம், கருவிகளுக்குத் தெரிந்தது. காரணம் உடைந்த விதம். மேலே சொன்ன சிக்கல் பரப்பில் அது நடக்கவில்லை. அகழிக்கு மேற்கே, இந்தியப் பெருங்கடலின் அடித்தட்டுக்கு நடுவில், பாறை பக்கவாட்டில் ஒன்றையொன்று உரசி நகர்ந்தது. தரை மேலே எழும்பவில்லை. அதனால் தண்ணீரைத் தூக்கவில்லை. பக்கவாட்டு நகர்வில் கருவிகள் பதிந்ததிலேயே மிகப் பெரிய நடுக்கம் அது.

ஆனால் நடுக்கம் வந்த முதல் சில நிமிடங்களில் இருப்பிடமும் அளவும்தான் தெரியும். பாறை எந்தப் பக்கம் நகர்ந்தது என்பது உறுதியாகக் கூடுதல் நேரம் பிடிக்கும். கடல் எழும்பியதா என்பது ஆழ்கடல் அழுத்தமானிகளும் அலைமானிகளும் சொன்னால்தான் தெரியும். அந்த இடைவெளியில் 8.6-ஐக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பது மடத்தனம். அன்று எச்சரிக்கை கொடுத்தது சரி என்பதுதான் என் கட்சி.

முதல் நடுக்கத்துக்கே ஒண்ணும் ஆகலை. ரெண்டாவதுக்கு எதுக்குங்க மறுபடியும் ஓடணும்?

இந்தப் பக்கத்தை எழுத வைத்த கேள்வியே இதுதான். 2005, 2007, 2012 என்று மூன்று முறை ஓடி மூன்று முறையும் ஒன்றும் ஆகாததால், "இதுவும் அப்படித்தான்" என்ற எண்ணம் கரையில் ஊறிவிட்டது. முதலாவது எப்படி உடைந்ததோ அப்படியேதான் இரண்டாவதும் உடையும் என்று எந்தச் சட்டமும் இல்லை. குரில் உதாரணத்தை மறுபடி பாருங்கள்: அமுக்கமும் இழுவையுமாக நேர்மாறு. சமோவாவிலும் அப்படியே, வரிசை மட்டும் தலைகீழ்.

ஜப்பானில் 2011 மார்ச் 9-ல் 7.3 அளவு நடுக்கம், அரை மீட்டர் அளவுக்கு அலை. படகுக்காரர்கள் பார்த்துவிட்டு வேலைக்குத் திரும்பினார்கள். இரண்டு நாள் கழித்து, மார்ச் 11-ல், அதே கடலில் 9.0. அது இரட்டை அல்ல, முன்னதிர்வும் பெருநடுக்கமும். ஆனால் 9-ஆம் தேதி அன்று அந்த வித்தியாசம் யாருக்கும் தெரியாது. முன்னதிர்வு, பெருநடுக்கம், இரட்டை, பின்னதிர்வு எல்லாமே எல்லாம் ஓய்ந்த பிறகு ஒட்டும் சீட்டு. கரையில் இருப்பவர் ஒவ்வொரு நடுக்கத்தையும் புதிதாகவே கணக்கில் எடுக்க வேண்டும்.

ரெண்டு அலையும் ஒண்ணா சேர்ந்து வந்தா?

சேரலாம். 2012 போல இரண்டு மணி நேர இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். முதல் நடுக்கத்தின் முதல் அலை நம் கரையை எட்டும் நேரத்தில்தான் இரண்டாவது நடுக்கமே நிகழ்கிறது. இரண்டாவதின் அலை வந்து சேரும்போது முதலாவதின் வாலலைகள் கரையில் இன்னும் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். ஒன்றின் ஏற்றமும் மற்றதின் ஏற்றமும் ஒரே நேரத்தில் விழுந்தால் உயரம் கூடும். ஏற்றமும் இறக்கமும் விழுந்தால் குறையும். கூடவே ஓதத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: நீரேற்றத்தில் வந்தால் உள்ளே போகும் தூரம் அதிகம்.

எந்த முகத்துவாரத்தில் எது எதோடு சேரும் என்று முன்கூட்டிக் கை வைத்துச் சொல்ல முடியாது. உப்பனாறும் கடுவையாறும் கடலில் கலக்கும் இடங்களில் தண்ணீர் ஆற்று வழியே வெகுதூரம் உள்ளே ஏறும். கடலைப் பார்த்து வீடு இல்லை என்று ஆற்றங்கரைக்காரர் நிம்மதியாக இருந்துவிடக் கூடாது.

கடல் உள்வாங்குனா நமக்கே தெரியுமே அண்ணே. அதைப் பார்த்து ஓடலாம்ல?

வேண்டாம். உள்வாங்கினால் ஓட வேண்டும் என்பது சரி. உள்வாங்கும் வரை காத்திருக்கலாம் என்பது தப்பு. சுமத்ரா அகழியில் தட்டு நிமிரும்போது மேற்குப் பக்கத்தில் கடலடி எழும்பும், கிழக்குப் பக்கத்தில் தாழும். கிழக்கே உள்ள தாய்லாந்துக்கு முதலில் இறக்கம் போய்ச் சேரும், அங்கே கடல் உள்வாங்கும். மேற்கே உள்ள நமக்கும் இலங்கைக்கும் முதலில் ஏற்றமே வரும். 2004-ல் சென்னை, விசாகப்பட்டினம் அலைமானிகளில் முதல் அசைவு மேல்நோக்கித்தான் இருந்தது. கடல் வெகுதூரம் உள்ளே போனதைப் பார்த்ததாகச் சொல்பவர்கள் பெரும்பாலும் முதல் ஏற்றத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே பார்த்தவர்கள்.

தரை ஆடினால்தான் ஆபத்து என்பதும் அதே ரகம். 2004 காலையில் நாகையில் பலர் எந்த ஆட்டத்தையும் உணரவில்லை. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

நடுக்கடல்ல இருக்குற போட்டு என்ன பண்ணணும்?

திரும்பி வரக் கூடாது. ஆழத்தில் சுனாமி மேடு தெரியாமல் கடந்துபோகும். 2004-ல் வெளியே தொழிலில் இருந்தவர்கள் பலர் கரைக்கு வந்த பிறகே விஷயத்தை அறிந்தார்கள். அதே காலையில் நாகைத் துறைமுகத்தில் கட்டிக்கிடந்த விசைப்படகுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நொறுங்கிக் கிடந்தன. நூறு பாகம் (ஒரு பாகம் ஆறு அடி) ஆழத்தைத் தாண்டிவிட்டால் பயமில்லை என்பது பல நாடுகளில் சொல்லப்படும் கணக்கு.

கரையோரத்தில் ஃபைபர் படகில் இருப்பவருக்கு இது பொருந்தாது. நூறு பாகத்துக்கு ஓட நேரமில்லை என்றால் படகை விட்டுவிட்டு மேற்கே நடங்கள். இரட்டை என்றால் இன்னொரு சிக்கல்: முதல் எச்சரிக்கை ரத்தானதும் வெளியே இருக்கும் படகெல்லாம் ஒரே சமயத்தில் முகத்துவாரத்தில் நுழைய நிற்கும். இரண்டாவது அலைக்கு அதைவிடத் தோதான நேரம் இல்லை. ஒயர்லெஸ்ஸில் கரையைக் கேட்டுவிட்டு வாருங்கள்.

எங்களுக்குக் கடல் இல்ல, வயல்தான். எங்களுக்கு என்ன?

கடற்கரையிலிருந்து ஓரிரு கிலோமீட்டருக்குள் வயல் இருந்தால் உப்புத்தான் கவலை. 2004 டிசம்பரில் சம்பா கதிர் முற்றும் நேரத்தில் கடல்நீர் வயலில் நின்றது. வடிந்த பிறகு வரப்போரம் வெள்ளை பூத்து, பயிர் நுனியிலிருந்து கருகியது. மேல்மண்ணில் படிந்த கடல்சேற்றை வழித்தெடுத்து, ஜிப்சம் போட்டு, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுது, நல்ல தண்ணீர் கட்டி வடித்தார்கள். 2005 வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்த்தது பெரிய உதவி. மழை கழுவுவதற்கு முன்பே இரண்டாவது தடவை கடல் ஏறினால் அத்தனை பாடும் முதலிலிருந்து.

நம்ம மண்ணு வண்டல், களி. வீடு ஆடாதா?

வண்டல் மண் அதிர்வைக் கூட்டிக் காட்டும், உண்மைதான். ஆனால் 1,400 கிலோமீட்டர் தாண்டி வரும்போது படபடவென்ற அதிர்வு தேய்ந்து, மெதுவான அசைவு மட்டும் மிஞ்சும். மின்விசிறி ஊசலாடும், குளத்துத் தண்ணீர் ததும்பும், உயரமான கட்டடத்தின் மேல்மாடியில் தலைசுற்றும். ஓட்டு வீடு அதற்கு விழாது.

26-ஆம் தேதி பௌர்ணமி. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குல்ல?

2004 டிசம்பர் 26 பௌர்ணமி என்பது சரி. பௌர்ணமி, அமாவாசையில் நிலவும் சூரியனும் சேர்ந்து இழுப்பது கடலை மட்டுமல்ல, பாறையையும் துளி அசைக்கும். உடைய நுனியில் நிற்கும் பிளவுக்கு அந்தத் துளி போதலாம் என்று காட்டும் ஆய்வுகள் உண்டு. ஆனால் மாதத்துக்கு ஒரு பௌர்ணமி வருகிறது, 9.1 வருவதில்லை. 2005 மார்ச் 28-ம் 2012 ஏப்ரல் 11-ம் பௌர்ணமியும் இல்லை, அமாவாசையும் இல்லை. நாள்காட்டியைப் பார்த்து வீட்டைக் காலி செய்ய முடியாது.

ஓஎன்ஜிசி போர் போட்டு உறிஞ்சுறதாலதான் இதெல்லாம்னு சொல்றாங்களே?

டெல்டாவில் எண்ணெய்க் கிணறு பற்றி நிலத்தடி நீர், வயல், குழாய் உடைப்பு என்று நியாயமான சண்டைகள் பல உண்டு. இந்தச் சண்டையை அதோடு சேர்த்தால் அவை பலவீனமாகும். கிணறுகள் சில கிலோமீட்டர் ஆழம். சுமத்ரா அகழியில் உடையும் பரப்பு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, பத்து முப்பது கிலோமீட்டர் ஆழத்தில், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது. இங்கே உறிஞ்சுவது அங்கே எட்டாது.

மனிதன் கை பட்டு நடுக்கமே வராது என்று இதற்கு அர்த்தமில்லை. மகாராஷ்டிரத்தின் கொய்னாவில் அணை நீர் தேங்கிய பிறகு 1967 டிசம்பரில் 6-ஐத் தாண்டிய நடுக்கம் வந்தது. அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் எண்ணெய் வயல் கழிவுநீரைப் பூமிக்குள் செலுத்தியதால் நடுக்கங்கள் பெருகின. அவை அந்தந்த இடத்தோடு நின்றவை.

முதலாவது வந்ததும் ரெண்டாவது எப்ப வரும்னு கணக்குப் போட முடியாதா? இவ்வளவு கம்ப்யூட்டர் இருக்கு.

எந்தத் திட்டின் மீது பாரம் ஏறியது என்று போட முடியும். எப்போது விடும் என்று முடியாது. வட அயர்லாந்தின் அல்ஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 2004 உடைப்பால் தெற்கே அடுத்த துண்டில் அழுத்தம் ஏறியிருக்கிறது என்று 2005 மார்ச் 17-ல் வெளியிட்டார்கள். பதினோரு நாளில் நியாஸ். இடம் சரி, தேதியை அவர்கள் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. அதே கட்டுரை பதினோரு ஆண்டு காத்திருந்தாலும் அறிவியல் மாறியிருக்காது.

ஜப்பான் இதை நிர்வாகமாக்கியிருக்கிறது. 2024 ஆகஸ்ட் 8-ல் நன்காய் அகழியின் மேற்கு விளிம்பில் 7.1 வந்ததும், பெரியது தொடரும் வாய்ப்பு வழக்கத்தைவிடக் கூடியிருக்கிறது என்று முதன்முறையாக அறிவித்து ஒரு வாரம் விழிப்பாக இருக்கச் சொன்னார்கள். பெரியது வரவில்லை. வாரம் முடிந்ததும் அறிவிப்பை எடுத்தார்கள். வரும் என்று சொல்லாமல், வாய்ப்பு கூடியிருக்கிறது என்று சொல்லும் இந்தப் பேச்சுமுறை நம் கரைக்கும் பழக வேண்டும் என்பேன்.

அந்தப் பக்கம் இன்னும் பாக்கி இருக்கா?

இருக்கிறது. சுமத்ராவின் மெந்தாவாய் தீவுகள் பக்கம் 1797-லும் 1833-லும் பெரிய உடைப்புகள் நடந்தன. 2007 இரட்டை அந்தத் துண்டில் சேர்ந்திருந்ததில் ஒரு பகுதியைத்தான் தளர்த்தியது. 2010 அக்டோபரில் அங்கே 7.8 வந்து, சுனாமியில் நானூறு பேருக்கு மேல் இறந்தார்கள். சைபெருட் தீவுப் பக்கம் இன்னும் இறுகியே கிடக்கிறது.

நமக்கு அதில் ஓரளவு ஆறுதல் உண்டு. சுனாமியின் ஆற்றல் பெரும்பாலும் அகழிக்குக் குறுக்காகத்தான் பாயும். மெந்தாவாய்ப் பக்கம் அகழி தென்கிழக்காக ஓடுவதால் அங்கே கிளம்புவது பெரும்பாலும் தென்மேற்கே திறந்த கடலுக்குப் போகும். நிக்கோபார், அந்தமான் பக்கம் அகழி வடக்கு தெற்காகத் திரும்புகிறது. அங்கே உடைந்தால் நேர் மேற்கே, நம் நெற்றிக்கே வரும். செய்தியில் "சுமத்ரா" என்று மட்டும் கேட்டால் வடக்கா தெற்கா என்று பாருங்கள். கோடியக்கரையைத் தாண்டி உள்ளே ஒதுங்கிய முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கம் 2004-ல் சேதம் மிகக் குறைவாக இருந்ததற்கும் கரை திரும்பியிருக்கும் கோணமே பெரிய காரணம்.

சரி, எப்ப வீட்டுக்குத் திரும்பலாம்?

ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் (இந்திய தேசியக் கடல் தகவல் சேவை) மையம் 2007 அக்டோபரிலிருந்து சுனாமி எச்சரிக்கையைக் கவனிக்கிறது. நடுக்கம் நடந்த பத்து நிமிட அளவில் முதல் அறிவிப்பு, பிறகு கடல் கருவிகளைப் பார்த்துத் திருத்தங்கள், கடைசியில் ரத்து. அந்த ரத்து மாவட்ட நிர்வாகம் வழியாக உங்கள் ஊர்ப் பஞ்சாயத்தாருக்கு வந்த பிறகுதான் திரும்ப வேண்டும்.

இரட்டையில் கவனிக்க வேண்டியது, ரத்து எந்த நடுக்கத்துக்கு என்பது. நிக்கோபார் பக்கமிருந்து அலை நம் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேலாகும். 2004-ல் 6:29-க்கு நடுங்கியது, நாகைக்கு அலை வந்தது ஒன்பது மணி வாக்கில். மதியம் இரண்டு மணிக்கு ஒன்று, நாலேகாலுக்கு இன்னொன்று என்றால் இரண்டாவதின் அலைக்கு ஆறரை வரை பார்க்க வேண்டும், பின்னலைகளுக்கு அதற்கு மேலும். அதற்குள் முதலாவதின் ரத்துச் செய்தி வாட்ஸ்அப்பில் பத்துக் குழுக்களில் சுற்றியிருக்கும், நேரம் எதுவும் இல்லாமல். அனுப்பியவர் சொந்தக்காரரே ஆனாலும், அதில் நடுக்கம் நடந்த நேரம் எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் கிராம நிர்வாக அலுவலருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.